பிரேக் இல்லாத புதன்கிழமைகள்

1

பருத்தித்துறையில் இருக்கும் என் தங்கை போன கிழமை தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“அண்ணை, நிலான் சர்க்கஸில சேர்ந்திட்டானாமே? சனம் கதைக்குது.”

நிலான் என் ஒரே மகன். அவன் ஓடிய ஒரு போட்டியின் வீடியோத் துண்டு எப்படியோ சுற்றிச் சுழன்று அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“சர்க்கஸ் இல்லை பிள்ளை, ஸ்பீட்வே. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி.”

“அதுக்குப் பிரேக் இல்லையாமே?”

“ஓம், இல்லைத்தான்.”

“டென்மார்க்கில இவ்வளவு காலம் இருந்து உழைச்சும் ஒரு பிரேக் வாங்கிப் பூட்ட வழியில்லையே உங்களுக்கு?”

சிரித்துச் சமாளித்தேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. என் மனைவி வசந்தி இதைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஊரில் இருப்பவர்கள் இந்த விளையாட்டை என்னவென்று விளங்கிக்கொள்வதற்காகவும், இந்த வருடம் நான் எப்படிப் பயந்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடது பக்கம். வண்டிக்கு ஒரே கியர். பிரேக் இருந்தால் முன்னால் போகிறவன் திடீரென்று பிடித்துவிடுவான், பின்னால் வருகிறவன் அவன்மேல் ஏறிவிடுவான். ஆகவே பிரேக் இல்லாததுதான் பாதுகாப்பு என்கிறார்கள். இதை முதல்முறை கேட்டபோது என்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வளைவில் வண்டி நேரே போகாது, பக்கவாட்டில் சறுக்கும். ஓட்டுபவன் இரும்பு அடி போட்ட இடது சப்பாத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டே போவான். முதலாவது வந்தால் மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்கள் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி தோல்வி.

நாங்கள் இருப்பது ஹோர்சன்ஸ். எங்கள் பக்கத்து அணி நாட்டின் முதல்தர லீக்கில் ஓடுகிறது. வசந்தத்தில் தொடங்கிப் புதன்கிழமைகளில் போட்டி. போலந்திலிருந்தும் சுவீடனிலிருந்தும் பெரிய ஓட்டக்காரர்கள் விமானத்தில் வந்து ஓடிவிட்டுப் போவார்கள். அவர்களோடு ஏழாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பத்தொன்பது வயதில், நிலான். அவன் மாற்று ஓட்டக்காரன். யாராவது அடிபட்டால் அந்த ஓட்டமும் அவன் தலையில்தான் விழும்.

2

நிலானை எட்டு வயதில் பள்ளித் தோழன் ஒருவனின் பிறந்தநாளுக்கு அனுப்பினோம். கேக் வெட்டி, பலூன் ஊதி அனுப்புவார்கள் என்று நினைத்தோம். அந்தக் குடும்பம் பிள்ளைகளையெல்லாம் ஸ்பீட்வே கழகத்துக்குக் கூட்டிப் போய்ச் சின்ன வண்டிகளில் ஏற்றிவிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவனின் பல்லிடுக்கில்கூட மண். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து வசந்தி உருகிவிட்டாள். நான் மருத்துவக் காப்புறுதி பற்றி விசாரித்தேன்.

இந்த நாட்டில் பிள்ளையைக் கழகத்தில் சேர்த்தால் பெற்றோரும் ஏதாவது ஒரு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யத்தான் வேண்டும். சிலர் பாதைக்கு மண் வாருவார்கள், சிலர் கொடி பிடிப்பார்கள். எனக்கு எந்த வேலை விருப்பம் என்று கேட்டார்கள். பாதையைப் பார்க்கத் தேவையில்லாத வேலை எதுவோ அது என்றேன். சொசேஜ் கடையில் விட்டார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால், பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக் கொட்டில். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாத நான் புதன்கிழமைகளில் பன்றி சொசேஜ் வறுக்கிறேன்.

என்னோடு கிர்ஸ்டன் நிற்பாள். அறுபது தாண்டியவள், அவளுடைய மகனும் முன்பு ஓடியவன். நான் காதால்தான் போட்டி பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான்கு என்ஜின்களும் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஓட்டுபவனின் மணிக்கட்டிலிருந்து என்ஜினுக்கு ஒரு கயிறு போகிறது. அவன் விழுந்தால் கயிறு கழன்று என்ஜின் நின்றுவிடும். ஆகவே யாராவது விழுந்தால் எனக்கு முதலில் கேட்பது சனத்தின் கூச்சல் இல்லை, இரைச்சல் மெலிவதுதான். அந்த நேரம் இடுக்கி என் கையில் அப்படியே நின்றுவிடும். கிர்ஸ்டன் எட்டிப் பார்த்துவிட்டு, “உன்னுடையவன் இல்லை” என்பாள். பிறகுதான் மூச்சு வரும். யாருடைய பிள்ளையோ மண்ணில் கிடக்கிறது, எனக்கு மூச்சு வருகிறது. வெட்கமான விஷயம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

வசந்தி நேர் எதிர். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, இரண்டாம் வளைவுக்கு நேரே போய் நிற்பாள். மழைக்கும் நகரமாட்டாள்.

3

எனக்கு மோட்டார் சைக்கிள் சத்தத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் ஒழுங்கைக்குள் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிள் வந்தால் வீட்டில் ஒருவரும் கதைக்கமாட்டோம். சத்தம் கடந்து போனால் சோற்றில் கை வைப்போம். வாசலில் நின்றால்தான் ஆபத்து.

ஒருநாள் நின்றது. இரண்டு பேர். யார் அவர்கள் என்று இப்போதும் எழுதமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். தங்களுக்கு நடுவில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வண்டியின் புகைக்குழாய் என் காலைச் சுட்டது. காலை எடுக்கவும் பயம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் விடியும்வரை இருத்தினார்கள். காலையில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது அந்த ஆள் இல்லை என்றார். நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை.

நிலானுக்கு இதைச் சொன்னதே இல்லை. டேனிஷில் சொல்ல எனக்கு வராது. களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்க எவ்வளவு டேனிஷ் வேண்டுமோ அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. தமிழில் சொன்னால் அவனுக்கு அரைவாசிதான் போய்ச் சேரும். அவனும் வசந்தியும் சாப்பாட்டு மேசையில் டேனிஷில் மளமளவென்று பகிடி விட்டுச் சிரிப்பார்கள். நான் ஒரு வசனம் பிந்திச் சிரிப்பேன். நான் தமிழில் கேட்பேன், அவன் டேனிஷில் பதில் சொல்வான். என்னை ‘ஃபார்’ என்று கூப்பிடுவான். அவர்களுடைய பாஷையில் அப்பா என்றுதான் அர்த்தம், குறையொன்றுமில்லை. ஆனாலும் யாரோ ஒருத்தருடைய அப்பாவைக் கூப்பிடுவது போலத்தான் எனக்குக் கேட்கும்.

4

ஜூனில் விழுந்தான். அன்றைக்குக் கிர்ஸ்டன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவளே அவிழ்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர முதலே அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த தாதியிடம், என்னுடைய மகன், எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: அவர் பதினெட்டு வயது தாண்டியவர், அவருடைய அனுமதி இல்லாமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று.

“அவன் உயிரோட இருக்கிறானோ எண்டாவது சொல்லச் சொல்லும்” என்று வசந்தியிடம் தமிழில் சொன்னேன்.

அவளும் இப்படி மேசைக்குப் பின்னாலிருந்து சொந்தக்காரருக்குப் பதில் சொல்கிறவள்தான். “சட்டம் அப்பிடி. அவவில கோவிக்காதேங்கோ” என்றாள். சொல்லும்போது கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது.

ஊரில் என்றால் வாசல் காவல்காரனிலிருந்து பக்கத்துக் கட்டில்காரன் வரை எல்லோரும் வந்து எலும்பு முறிந்த கதையைச் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே அப்பா. கடைசியில் கதவு திறந்து அவனே நடந்து வந்தான். காறை எலும்பு முறிவு. “ஃபார், சும்மா ஒரு எலும்பு” என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தான். உள்ளே தகடு வைத்து, பாடசாலை விடுமுறை முடியுமுன் மறுபடி வண்டியில் ஏறிவிட்டான்.

நான் கிர்ஸ்டனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்: “உன் மகன் எப்படி நிறுத்தினான்? நீ என்ன சொன்னாய்?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பயம் வந்தது” என்றாள். “பயம் வந்த பிறகும் ஒரு மாதம் ஓடினான். கால் உடைந்தது அந்த மாதத்தில்தான். பயந்தவன் வளைவில் அக்சிலரேட்டரை விடுகிறான். விட்டால் சறுக்கிக்கொண்டிருக்கும் பின் சில்லு திடீரென்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வண்டி ஆளைத் தூக்கி வேலியில் எறியும். இந்த வண்டியில் பயந்தவனுக்கு இடமில்லை.”

அவள் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பயம் வந்தால் நிறுத்துவான். முருகா, அவனுக்கு ஒரு சின்னப் பயத்தைக் கொடு என்று கும்பிடத் தொடங்கினேன்.

5

ஓகஸ்ட் கடைசியில் எங்கள் அணி புள்ளிப் பட்டியலில் அடியில் கிடந்தது. கடைசிப் போட்டி எங்கள் பாதையில். தோற்றால் அடுத்த வருடம் இரண்டாம் தரத்துக்கு இறங்க வேண்டும். ஓட்டக்காரர்களில் ஒருவருக்கு முதுகில் காயம். வேறொரு மாற்று ஆளும் கிடைக்கவில்லை. நிலான் நாலைந்து தடவையாவது ஓட வேண்டிவரும் என்று அணி மேலாளர் சொல்லியிருந்தார்.

போட்டியன்று காலை ரயிலில் டோஸ்ட்ருப்பிலிருந்து என் மச்சான் தவம் வந்து இறங்கினான். வசந்தியின் தமையன். கையில் ஒரு நீற்றுப் பூசணிக்காய், பையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், கோயில் விபூதி. மருமகன் எலும்பை முறித்தது கண்ணூறு என்பது அவனுடைய முடிவு. புது வான் வாங்கினால் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயில் கற்பூரம் கொளுத்திச் சுற்றி உடைக்காமல் தெருவில் இறக்கமாட்டோம். இந்தப் பிரேக் இல்லாத சனியனுக்கு ஒன்றுமே செய்யவில்லையே என்று எங்களை ஏசினான்.

புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அது ஊருச் சூரியனுக்கு, டென்மார்க்குச் சூரியனுக்கு வேறு கணக்கு என்று தொலைபேசியில் ஏதோ ஒரு செயலியைப் பார்த்து மத்தியானம் தாண்டும்வரை காத்திருந்தான். அந்த நேரத்தில்தான் நிலான் வீட்டுக்குப் பக்கத்துக் கார்க் கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வண்டிகள் பெற்றோலில் ஓடுவதில்லை, மெதனோலில் ஓடுகின்றன. பெற்றோருக்குப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று வைத்தபோது பயிற்சியாளர் ஒரு தகரத்தில் கொஞ்சம் மெதனோல் விட்டுக் கொளுத்தினார். வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. கடதாசியை மேலே நீட்டினார், அது சுருண்டு கருகியது. அன்றைக்கு நான் நிரப்பி வைத்த இரண்டு வாளித் தண்ணீர் கொட்டகையில் எப்போதும் நிற்கும். வசந்தி என்னைக் கேலி செய்வாள், மாடு வளர்க்கிறீர்களோ என்று.

நான் குசினியில் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் நிலான் மெதனோல் கலனை மூடித் தள்ளி வைத்துவிட்டு, “மாமா, கெதியா” என்று டேனிஷில் சொல்வது கேட்டது. மாமாவை மனம் நோகச் செய்யக்கூடாது என்று நினைத்திருப்பான். கலனை மூடியது சரிதான். ஆனால் மெதனோல் நனைத்துத் துடைத்த துணி அவனுடைய இடது கையில் இருந்தது. சட்டைக் கையும் அதில் நனைந்திருந்தது.

நாங்கள் இருக்கும் ஜூட்லண்டில் காற்று இல்லாத நாள் இல்லை. நான் யன்னலால் எட்டிப் பார்த்தபோது தவம் பூசணிக்காயைத் தூக்கி வண்டியைச் சுற்றுகிறான். எரிந்துகொண்டிருந்த கற்பூரத் துண்டு ஒன்று காற்றில் நிலான் பக்கம் பறந்தது. அடுத்த நிமிடம் நிலான் துள்ளினான். கையை உதறினான், ஒரு காலில் குதித்தான். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. நல்ல வெயில்.

தவம் சிரித்தான். “என்னடா, சாமி வந்திட்டுதோ?”

எனக்கு மட்டும் தெரிந்தது. சட்டைக் கைக்கு மேலே வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது, கையின் மயிர் சுருண்டுகொண்டிருந்தது. பாணும் கத்தியும் எங்கே போனதென்று தெரியாது. ஓடிப் போய் ஒரு வாளியை அவன்மேல் ஊற்றினேன். மற்றதையும் ஊற்றினேன். பிறகு தோட்டத்துக் குழாயைத் திறந்து, அவன் “ஃபார், முடிஞ்சுது, முடிஞ்சுது” என்று டேனிஷில் கத்திய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இடது முழங்கைக்குக் கீழே சிவந்து கொப்புளம். அவ்வளவுதான். தவம் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்து அழுதான். வசந்தி களிம்பு போட்டுக் கட்டினாள். நிலான் கவிழ்த்த வாளியின்மேல் இருந்தான். மெதனோல் கலனைப் பார்த்ததும் வாளியோடு பின்னால் நகர்ந்தான். அவன் பயந்து அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன்.

முருகன் தந்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இன்றோடு இது முடிந்தது, இனி மகன் வீட்டில் இருப்பான் என்று எனக்குள் ஒரு பெரிய நிம்மதி. ஆனால் அவன் எழும்பி வண்டியை வானில் ஏற்றத் தொடங்கினான்.

6

வானை நான்தான் ஓட்டினேன். வசந்தியும் தவமும் காரில் பின்னால் வந்தார்கள். வழி நெடுக அவன் கைக்கட்டின் நுனியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டு வந்தான். பாதையின் விளக்குக் கம்பங்கள் தெரியும் இடத்தில் வாய் திறந்தான்.

“அப்பா.”

ஃபார் இல்லை, அப்பா.

“எனக்குப் பயமாக் கிடக்கு அப்பா. அந்த நெருப்பு... நான் காணேல்ல. ஒண்டும் காணேல்ல.”

“அப்ப வேண்டாம். திரும்புவம்.” வானைக் கரையில் நிறுத்திவிட்டேன்.

“ஏலாது. வேற ஆள் இல்லை. நான் ஓடாட்டில் அவையள் தோத்திடுவினம்.”

“தோக்கட்டும்.”

“நான் ஓடுவன், அப்பா. ஆனா பயமாக் கிடக்கு.”

கிர்ஸ்டன் சொன்னதின் மற்றப் பாதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடை முழுக்க நான் கும்பிட்டுக் கேட்டது கிடைத்துவிட்டது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் அவன் நிறுத்தப் போவதில்லை. பயத்தோடு அந்த வளைவுக்குப் போகப் போகிறான். இவ்வளவு காலமும் நான் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது.

கழக மருத்துவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். ஓடலாம் என்றார். நான் அவன் முன்னால் போய் நின்றேன். பதினொரு வருடமாக அவன் ஹெல்மெட் போடும்போது நான் பக்கத்தில் நின்றதில்லை.

“வளைவில கையை விடாதை” என்றேன். “என்ன வந்தாலும் அக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இரு. விட்டாத்தான் விழுத்தும். விளங்குதோ?”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

“சீச்சீ. எனக்கென்ன பயம்?” என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை நான் அகதி விசாரணையில்கூடச் சொன்னதில்லை.

சொசேஜ் கொட்டிலுக்குப் போகவில்லை. இரண்டாம் வளைவில் வசந்திக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிளாஸ்கைக் கையில் தந்தாள். தவம் எங்களுக்குப் பின்னால் நின்று கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தான்.

தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே போனது. நான்கு பேரும் முதல் வளைவுக்குள் ஒன்றாகப் புகுந்தார்கள். இரண்டாம் வளைவில் மண் எங்கள் முகத்தில் வந்து அடித்தது. மஞ்சள் ஹெல்மெட் நிலான். முதலாம் சுற்றில் கடைசி. அவனுடைய தோள்கள் கல்லாக இருந்தன. எங்களுக்கு நேரே வரும்போது என்ஜின் சத்தம் ஒரு கணம் தளர்ந்தது. அவன் கையை விடுகிறான். இத்தனை வருடம் முதுகால் கேட்ட காது எனக்கு, அது பிழை விடாது. வண்டி ஒருமுறை உதறி நிமிர்ந்தது. வேலிக்கும் அவனுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்குமோ தெரியாது.

“முறுக்கடா!” என்று யாரோ கத்துவது கேட்டது. “விடாதை! முறுக்கு! முறுக்கடா!”

சுற்றியிருந்த டேனிஷ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தி என் கையைப் பிடித்தாள். கம்பி வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றது நான்தான். என் பிள்ளை இன்னும் வேகமாகப் போகட்டும் என்று, பயத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கேட்டிருக்காது, அந்த இரைச்சலில் எவருக்கும் கேட்காது. மூன்றாம் சுற்றில் அவனுடைய சத்தம் தளரவில்லை. நான்காவதில் உள்பக்கமாகச் சறுக்கி ஒருவனைத் தாண்டினான். மூன்றாமிடம், ஒரு புள்ளி.

நான் அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். பிளாஸ்க் மூடி கழன்று தேத்தண்ணி முழுதும் காற்சட்டையில் கொட்டியிருந்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை. வசந்தி குனிந்து, “நீங்கள் அழுறியளோ சிரிக்கிறியளோ?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பிள்ளை உயிரோடு வந்துவிட்டான், அது ஒன்றுதான் தெரிந்தது.

அப்போது ஒலிபெருக்கி இரைந்தது. முந்திய ஓட்டத்தில் எங்கள் அணித்தலைவர் தோளில் அடிபட்டிருந்தாராம். அடுத்த ஓட்டத்தில் அவருக்குப் பதிலாக ஏழாம் இலக்கம் என்று அறிவித்தார்கள்.

நிலான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன், பாதையின் வாசலடியில் நின்று கம்பி வேலி நெடுகத் தேடினான். நான் எழும்பி நின்று வலது கையை அவனுக்குத் தெரியும்படி உயர்த்தினேன். காற்றில் முறுக்கிக் காட்டினேன். காற்சட்டை நனைந்திருந்தது அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.